பல் பிரிவுக்கு அனுப்பப்பட்ட கார்

தையல்காரரின் கார் இடது பக்கம் திரும்பும்போது ஒரு சத்தம் போட்டது. நேராகப் போனால் ஒன்றும் இல்லை. வலது பக்கம் திரும்பினாலும் வாயைத் திறக்காது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தால் மட்டும், முன்சக்கரத்துப் பக்கமிருந்து யாரோ மணலை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பழைய கார்தான். எத்தனையோ பெரிய மனிதர்கள் இதைவிடக் கேவலமான சத்தமெல்லாம் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள், ஒரு கார் போட்டால் என்ன குடி முழுகிப் போகிறது என்று விட்டிருக்கலாம். ஆனால் அது விடக்கூடிய நேரமாக இல்லை.

தையல்காரரின் மனைவிக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வீடு மாடியில், கடை கீழே. படியேற முடியாது என்பதால் கடையிலேயே, துணி வெட்டும் மேசைக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவில் ஒரு கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தார். ஒன்றுவிட்டு ஒருநாள் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காலை மடக்கப் பழக்க வேண்டும். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "இந்த மாசத்துக்குள்ள கால் முழுசா மடங்கிடணும்மா. விட்டுட்டா உள்ளுக்குள்ள இறுகிடும். அப்புறம் நாங்களே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. குச்சியும் கையுமாத்தான் காலம் தள்ளணும்."

பாலத்துக்கு ஏறும் இடத்தில் ஒரு இடது திருப்பம். அங்கேதான் அந்தச் சத்தம் வரும். பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் மனைவியோடு அந்த இடத்தில் ஸ்டியரிங் இறுகிக்கொண்டால் என்ன ஆகும் என்று தையல்காரர் நினைத்துப் பார்த்தார். அதனால் மெக்கானிக்கிடம் போனார்.

"ஸ்டியரிங்கைத் திருப்பினா ஒரு சத்தம்பா" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மெக்கானிக் கிரீஸ் படிந்த இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

"கேட்டாத்தானே என்னன்னு தெரியும்?"

"கேட்டா லைசென்ஸ் போயிடும். பிரேக் சத்தம் சொல்லுங்க, பாக்கறேன். கதவு சத்தம் சொல்லுங்க, பாக்கறேன். ஸ்டியரிங் சத்தம் இப்ப நம்ம கையில இல்லை. வாகன ஒலி நிவாரண வாரியம்னு ஒண்ணு வந்திருக்கு. அவங்க சத்தத்துக்குப் பேர் வெச்சுக் குடுத்தாத்தான் நாங்க ஸ்பேனரைத் தொடலாம்."

"எதுக்குப்பா இப்படி ஒரு வாரியம்?"

மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எவனோ ஒருத்தன் வண்டி சத்தம் போட்டுகிட்டே போய், திரும்பாம, மந்திரியோட மச்சினன் வீட்டுச் சுவத்துல இடிச்சிருச்சாம். சுவரைத் திருப்பிக் கட்டிக் குடுத்தாங்க. கையோட மச்சினனுக்கு ஒரு வாரியத்தையும் கட்டிக் குடுத்துட்டாங்க."

தையல்காரர் பயந்த சுபாவம். கொடுத்த அளவுக்கு மேல் ஒரு தையல் போடமாட்டார், குறைத்தும் போடமாட்டார். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் ஏதாவது நியாயம் இருக்கும் என்று இந்த வயதிலும் நம்பிக்கொண்டிருந்த அப்பாவி. மறுநாள் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாரியத்துக்குக் கிளம்பினார்.

வாரியத்தில் தரைக்குக் கம்பளம், சுவருக்குக் கம்பளம், கதவுக்கு மெத்தை. உள்ளே நுழைந்தால் தன் மூச்சுச் சத்தமே தனக்குக் கேட்காது. பெயரிடல் அதிகாரி நடுத்தர வயது அம்மாள். அவர் மேசைமேல் ஒரு கூப்பிடு மணி இருந்தது. அதன் நாக்கில் பஞ்சு சுற்றியிருந்தது. அதை அவர் இரண்டு தடவை அடித்தார். யாருக்கும் கேட்காததால் யாரும் வரவில்லை.

"சத்தத்தைச் சொல்லுங்க" என்றார்.

"இடது பக்கம் திருப்பினா வருதுங்க மேடம்."

"எப்ப வருதுன்னு நான் கேக்கலை. என்ன சத்தம்?"

தையல்காரர் யோசித்தார். "நற-ன்னு வருதுங்க."

"நற. ஒரு தடவையா?"

"ஒரு தடவை திருப்பினா ஒரு தடவை வருதுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இலக்கணம் படிச்சிருக்கீங்களா? இரட்டைக்கிளவின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? கலகல, சலசல, மடமட. சத்தம் ஜோடியாத்தான் வரும். பிரிச்சா அதுக்குப் பொருளே கிடையாது. 'நற'ன்னு ஒத்தையா ஒரு சத்தம் மொழியிலேயே இல்லை. மொழியில இல்லாத சத்தம் உங்க வண்டியில மட்டும் எப்படி இருக்கும்?"

"இருக்குதுங்களே."

"இருந்தா அது பொருளில்லாத சத்தம். பொருளில்லாததை எல்லாம் இந்த வாரியம் காது குடுத்துக் கேட்டா, வேற வேலையே நடக்காது."

"அப்ப நான் என்ன செய்யறதுங்க?"

"போய் இன்னொரு நற கொண்டு வாங்க."

தையல்காரர் வெளியே வந்தார். வாரியத்தின் வாசலிலேயே காரை எடுத்து, அடுத்தடுத்து இரண்டு முறை இடது பக்கம் ஒடித்துப் பார்த்தார். இரண்டு நற கிடைத்தது. அதைத் தவறவிடாமல் மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடிவந்து, மூச்சு வாங்க, "நறநற" என்றார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்" என்ற அதிகாரி, எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த பெரிய அட்டவணையில் விரலை ஓட்டினார். "கரகர, தொண்டைப் பிரிவு. சலசல, தண்ணீர்ப் பிரிவு. கடகட, பொது. நறநற... நறநற பல்லுக்குச் சேர்ந்தது. நறநறன்னு பல்லைக் கடிச்சான்னுதானே சொல்லுவோம். உங்க வண்டிக்குப் பல் இருக்கா?"

இந்த இடத்தில் மனுஷன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கரகர என்று மாற்றிச் சொல்லியிருந்தால்கூட தொண்டைப் பிரிவில் ஒரே நாளில் முடிந்திருக்குமாம். அங்கே கூட்டமே இல்லையாம். ஆனால் உண்மை பேசியே பழகிய நாக்கு. "ஸ்டியரிங் பெட்டிக்குள்ள பற்சக்கரம் இருக்குன்னு சொல்லுவாங்க மேடம்" என்று எடுத்துக் கொடுத்தார்.

அவ்வளவுதான். கார் பல் பிரிவுக்கு அனுப்பப்பட்டது.

பல் பிரிவில் பல் மருத்துவரின் சான்றிதழ் கேட்டார்கள். யாருடைய பல்லுக்கு என்று தையல்காரர் கேட்டதற்கு, பல் என்றால் பல்தான், இங்கே வந்து கேள்வி கேட்கக்கூடாது என்றார்கள். அவரும் ஒரு பல் மருத்துவரைத் தேடிப் போனார். மருத்துவர் நல்ல மனிதர். காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "காரை இந்த நாற்காலியில உக்கார வெக்க முடியாதுங்க. பல்லின் உரிமையாளர்னு உங்க பேர் போட்டிருக்கு. வேணும்னா உங்க பல்லைப் பார்த்து எழுதித் தர்றேன், அவங்களுக்கு அது போதும்" என்றார். பார்த்து எழுதியும் கொடுத்தார். பற்கள் மொத்தத்தில் உறுதி. நூலைக் கடித்துக் கடித்து முன்பல் ஒன்று லேசாகத் தேய்ந்திருக்கிறது.

பல் பிரிவுக்குப் பரம திருப்தி. "பாத்தீங்களா, தேய்மானம் இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார். இதைத்தான் நாங்களும் சந்தேகப்பட்டோம்" என்று சொல்லி, சத்தம் கேட்கும் குழு கூடும்போது கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூடவே காரின் முன்கண்ணாடியில், ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேராக, ஒரு மஞ்சள் தாளை ஒட்டினார்கள். 'ஒலித்தொற்று உள்ள வாகனம்.' குழு கேட்டு முடிக்கும்வரை அந்தக் காரை ஓட்டக்கூடாது, குழு கூப்பிட்டால் தவிர. அந்த வீட்டார் வேறு வாகனத்தில் ஏறவும் கூடாது. ஏறினால் சத்தம் அதற்கும் தொற்றிக்கொள்ளுமாம்.

"சத்தம் எப்படிங்க தொத்தும்?" என்று தையல்காரர் கேட்டார்.

"இதுவரைக்கும் தொத்தினதில்லை. எங்க நடவடிக்கையாலதான் தொத்தலை" என்றார் பிரிவு அதிகாரி.

அதன்பிறகு ஆஸ்பத்திரிப் பயணம் நின்றது. வாடகைக் கார்க்காரர்கள் தெருமுனை வரை வருவார்கள், கடை வாசலில் நிற்கும் மஞ்சள் தாளைப் பார்ப்பார்கள், வந்த வழியே திரும்பிப் போவார்கள். பக்கத்துக் கடைக்காரர் நல்ல பழக்கம்தான். அவரே, "தப்பா எடுத்துக்காதீங்க, என் வண்டிக்கு இப்பத்தான் எல்லாத்தையும் சரி பண்ணினேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். பயிற்சிப் பெண்ணோ ஆஸ்பத்திரி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தில் துண்டைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தன் காலைத் தானே இழுத்து இழுத்து மடக்கினாள். பாதி மடங்கும். அதற்குமேல் சுவரில் முட்டினாற்போல நின்றுவிடும். அவள் முகத்தைப் பார்க்கமாட்டாமல் தையல்காரர் தலையைக் குனிந்து தையல் இயந்திரத்தை ஓட்டுவார். தைத்ததையே திரும்பவும் தைத்துக்கொண்டிருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரியும்.

காற்றுக்காக அவளை ஒருநாள் சாயங்காலம் வாசலில் குட்டை முக்காலியில் உட்கார வைத்திருந்தார். கால் நீட்டியபடி, காரின் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே.

"ஏங்க, சக்கரத்துக்கு மேல உள்ளுக்குள்ள கறுப்பா ஏதோ தொங்குதே."

"அதைப் பாக்காதே. குழு பாக்கறதுக்கு முன்னாடி நாம பாத்தா குத்தம்."

"பாத்தாச்சு. இப்ப கண்ணைப் பிடுங்கிப் போட்டுக்கவா?"

தையல்காரர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து பார்த்தார். சக்கரத்தின் மேல் வளைவில் சேறு தெறிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும் அல்லவா, அதன் ஒரு முனை திருகு கழன்று, கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணும் பொடிக்கல்லுமாக அப்பியிருந்தது. சக்கரம் இடது பக்கம் முழுக்கத் திரும்பினால் டயர் அதில் போய் உரசியது. இவ்வளவுதான் சமாச்சாரம். ஒரு மாநில அளவிலான அட்டவணையும், பல் மருத்துவரும், மஞ்சள் தாளும் சேர்ந்து காவல் காத்த மர்மம் இதுதான்.

தொங்கும் நுனியைக் கண்டால் தையல்காரன் கை சும்மா இருக்குமா? கத்தரிக்கோலை எடுத்து வந்து கிழிந்த முனையை ஒரே வெட்டாக வெட்டி எறிந்தார். மிச்சத்தைச் சாக்கு தைக்கும் ஊசியாலும் மெழுகு நூலாலும் நான்கு தையல் போட்டு இறுக்கினார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காரை வாசலிலேயே இரண்டு முழம் முன்னும் பின்னும் நகர்த்தி இடது பக்கம் ஒடித்துப் பார்த்தார். சத்தம் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போய்விடலாம் என்றாள் அவள்.

காலையில் முதல் வேலையாக வாரியத்துக்குப் போய், "மேடம், சத்தம் போயிடுச்சு. தாளைக் கிழிக்க உத்தரவு குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்" என்றார்.

பெயரிடல் அதிகாரியின் முகம் வெளிறியது. "போயிடுச்சா? யாரைக் கேட்டுப் போச்சு?"

"அதுவா போயிடுச்சுங்க."

"பதிவான சத்தம் வாரியத்தோட சொத்து. நாங்க கேட்டு, உறுதி பண்ணி, நாங்களே நிறுத்தணும். அதுவரைக்கும் அதைப் பத்திரமா வெச்சிருக்க வேண்டியது உங்க பொறுப்பு. இப்ப வந்து காணோம்னா என்ன அர்த்தம்? ஒலி மறைப்புன்னு பேர் இதுக்கு."

"மறைக்கலைங்க. நின்னுபோச்சு."

"அடுத்த வாரம் குழு கூடுது. வண்டி சத்தத்தோட வரணும். வரலைன்னா சத்தம் கிடைக்கிற வரைக்கும் வண்டி எங்க கொட்டகையில இருக்கும். அங்க ஏற்கெனவே நிறைய வண்டி சத்தமில்லாம நின்னுகிட்டு இருக்கு. சிலதுல மரம் முளைச்சிருச்சு."

தையல்காரர் வீட்டுக்கு வந்து, குப்பையில் எறிந்த பிளாஸ்டிக் துண்டைத் தேடி எடுத்து, பழைய இடத்தில் பழைய மாதிரியே தொங்கும்படி தைத்துப் பார்த்தார். வண்டியைத் திருப்பினால் சரசர என்றது. ஒட்டியிருந்த மண்ணெல்லாம் உதிர்ந்திருந்தது.

"இது பட்டுத்துணி சத்தம்ங்க" என்றாள் மனைவி. "இதைக் கொண்டுபோனா துணிப் பிரிவுன்னு ஒண்ணை ஆரம்பிச்சு முதல்லேருந்து வருவானுங்க."

தையல்காரருக்கு வந்ததே ஆத்திரம். வாழ்நாளில் ஒருவரையும் ஏன் என்று கேட்காத மனுஷன், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாடை நடுங்க, பல்லைக் கடித்தார்.

மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க. இன்னொரு தடவை பண்ணுங்க."

"எதை?"

"இப்ப பல்லைக் கடிச்சீங்களே. அதேதான். அச்சு அசல் அதே சத்தம்."

தொங்கவிட்ட துண்டைத் திரும்பவும் தையல் பிரித்து எறிந்தார். அன்றிலிருந்து கடையில் ஒத்திகை நடந்தது. அவள் இங்கே துண்டைப் போட்டுக் காலை மடக்குவாள். அவர் எதிரே உட்கார்ந்து ஒரு தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து, இடது பக்கம் திருப்பும்போது மட்டும் நறநறப்பார். "உதடு அசையுது", "கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிச்சிட்டீங்க", "வலது பக்கம் கடிக்காதீங்க, மாட்டிப்பீங்க" என்று அவள் திருத்துவாள். தாடை வீங்கிப்போய் அவர் கஞ்சியாகக் குடித்தார். அவர் நிலைமையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும், சிரித்து முடித்ததும் காலைப் பார்த்து அழுகை வரும். கால் அப்படியே பாதியில்தான் நின்றது.

குழு கூடிய நாளில் வாரியத்தின் முற்றத்தில் பந்தலே போட்டிருந்தார்கள். வாரியத் தலைவர் பேசினார். பெருத்த உடம்பு, மெல்லிய குரல்.

"பெரியோர்களே, ஒரு சத்தத்தை நிறுத்துவது மிக எளிது. எந்த மெக்கானிக்கும் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவான். அந்த அவசரத்தைத்தான் நாம் ஒழித்திருக்கிறோம். இந்த வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு சத்தத்தைக்கூட நாம் யோசிக்காமல் நிறுத்தியதில்லை. யோசித்தும் நிறுத்தியதில்லை. முதன்முதலில் பதிவான சத்தங்கள் இன்னும் நம்மிடம் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள்தான் சிலர் இப்போது இல்லை. வாகனங்கள் விபத்தில் சிக்குவதாகச் சிலர் குறை சொல்கிறார்கள். பெயர் தெரியாத சத்தத்தால் இடிப்பதற்கும், முறைப்படி பெயரிட்ட சத்தத்தால் இடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் உணர வேண்டும். என் மச்சான்கூடக் கேட்டார், இந்த வாரியத்தால் யாருக்கு நன்மை என்று. நான் அவரையே திருப்பிக் கேட்டேன்: இதுகூடத் தெரியாமலா எனக்குக் கொடுத்தீர்கள்?"

எல்லாரும் கைதட்டினார்கள். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

பிறகு தலைவர் முன்சீட்டில் ஏறினார். குழு உறுப்பினர்கள் மூன்று பேர் பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஏறியதுமே கண்ணயர்ந்துவிட்டார். தையல்காரர் முற்றத்தைச் சுற்றி வண்டியை ஓட்டினார். இடது திருப்பம் வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மனைவி சொல்லிக்கொடுத்தபடி, உதடு அசையாமல் கடித்தார்.

தலைவர் கச்சேரி கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "சுத்தமான நறநற. கலப்படமே இல்லை. இந்தக் காலத்துல இப்படிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. இன்னொரு சுத்து போங்க."

இன்னொரு சுற்று போனார். இன்னும் ஒன்று போனார். நான்காவது சுற்றில் தூங்கியவரும் விழித்து, "பின்னாடி உக்காந்தா இன்னும் நல்லா கேக்குது" என்றார். சத்தம் உறுதி செய்யப்பட்டது. காரை வாரியத்தின் பட்டறையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பட்டறையில் ஸ்டியரிங் பெட்டியை மாற்றினார்கள். அதோடு விடாமல் அதைப் பிடித்திருந்த கம்பியை, கம்பியைப் பிடித்திருந்த தண்டை, ஸ்டியரிங் சக்கரத்தை, கடைசியில் ஹாரனையும் மாற்றினார்கள். எது நன்றாக இருந்ததோ அதையெல்லாம் மாற்றினார்கள் என்று சொன்னால் கணக்குச் சரியாக இருக்கும். தையல்காரரின் தையல் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

இனி மிச்சம் இருந்தது நிசப்தச் சோதனை. வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும், சத்தம் வரக்கூடாது. தையல்காரர் செய்ய வேண்டியதெல்லாம் பல்லைக் கடிக்காமல் இருப்பது மட்டும்தான். பச்சைக் குழந்தைகூடச் செய்துவிடும்.

சோதனை நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பயிற்சிப் பெண் போன் செய்தாள். மாசம் முடியப் போகிறது, இன்றைக்காவது வந்தால் ஏதோ முயற்சி பண்ணலாம், இனி தள்ளினால் தன்னைக் கேட்காதீர்கள் என்றாள். மனைவி ஆட்டோ இல்லாமல், கார் இல்லாமல், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நின்று நின்று வாரியத்துக்கே வந்து சேர்ந்துவிட்டாள். சோதனை முடிந்ததும் அங்கிருந்தே நேராகப் போய்விடலாம் என்று கணக்கு. முற்றத்தின் ஓரத்தில் வேர்த்து விறுவிறுத்து நின்ற அவளை உட்காரச் சொல்ல ஒருவரும் இல்லை. நாற்காலியெல்லாம் குழுவுக்கு.

தலைவர் ஏறினார். ஏறியவர் உடனே கிளம்ப விடவில்லை.

"நிசப்தத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை" என்று ஆரம்பித்தார். நிசப்தம் எத்தனை வகைப்படும், அதில் வாரியத்தின் பங்கு என்ன என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். வெயில் ஏறியது. கண்ணாடி வழியே தையல்காரருக்குத் தன் மனைவி தெரிந்தாள். வாக்கரில் சாய்ந்து, வலது காலில் மொத்த பாரத்தையும் போட்டு, மடங்காத இடது காலைக் கட்டைபோல நீட்டிக்கொண்டு.

"அந்த அம்மா யாரு, உங்க வீட்டுக்காரங்களா?" என்றார் தலைவர். "பாவம், கால் சரியில்லையா? எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா சீக்கிரம் முடிச்சிருப்போமே. நாங்க என்ன மனுஷங்க இல்லையா? சரி, வண்டியை எடுங்க. இடது பக்கம்."

தையல்காரர் திருப்பினார். நறநற.

இந்தத் தடவை அவர் கடிக்க நினைக்கவே இல்லை. நிறுத்தவும் முடியவில்லை. நேராக்கிய பிறகும் நறநற. வலது பக்கம் திருப்பியபோதும் நறநற. வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்த பிறகும் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. தலைவர் முதலில் ஸ்டியரிங்கைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், கடைசியில் தையல்காரரின் தாடையைப் பார்த்தார்.

குழு மெத்தைக் கதவுக்குப் பின்னால் போய் ஆலோசித்தது. பல் மருத்துவரின் சான்றிதழை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அதில்தான் தெளிவாக எழுதியிருந்ததே, முன்பல்லில் தேய்மானம் என்று. பெயரிடல் அதிகாரி வெளியே வந்து உத்தரவை வாசித்தார்.

"சத்தம் வண்டியில் இல்லை. ஓட்டுபவரின் வாயில் இருக்கிறது. வாய் நமது வாரியத்தின் அதிகாரத்துக்குள் வராது. ஆகவே வண்டி குற்றமற்றது என விடுவிக்கப்படுகிறது. பழுதுள்ள பாகமாகிய ஓட்டுபவரை மாற்றிவிட்டு வண்டியை எடுத்துச் செல்லலாம்."

"மாத்தறதுன்னா?" என்றார் தையல்காரர்.

"நீங்க இனிமே இந்த வண்டி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வேற யாராவது ஓட்டணும். இப்பவே எடுக்கலைன்னா கொட்டகைதான்."

தையல்காரர் திக்குத் தெரியாமல் நின்றார். யாரைக் கூப்பிடுவது, யார் வருவார்கள்? மனைவி வாக்கரை டொக்டொக் என்று ஊன்றிக்கொண்டு அவரருகே வந்தாள். கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"உன்னால எப்படி?"

"கெட்டது இடது கால். கியர் இல்லாத வண்டி. வலது காலுக்கு என்ன கேடு? ஏறுங்க அந்தப் பக்கம்."

சீட்டை முடிந்த மட்டும் பின்னால் தள்ளி, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, அவள் ஓட்டினாள். மஞ்சள் தாளைக் கிழிக்க யாரும் வராததால் தையல்காரரே ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பாதியைக் கிழித்தார். பாலத்துக்கு ஏறும் இடத்தில் இடது பக்கம் ஒடித்தாள். கார் மூச்சுவிடவில்லை. பக்கத்து சீட்டிலிருந்துதான் நறநற என்று வந்தது.

"போதும் விடுங்க. பல்லு போயிடும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டாள். காருக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் நம்பவா போகிறாள்? மனைவியைக் கட்டிலில் படுக்க வைத்து, காலை இயந்திரத்தில் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினாள். பாதியில் வந்து நின்றது. சுவரில் முட்டினாற்போல அதே இடம். "வலிக்கும்மா. பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பயிற்சிப் பெண் தன் கையாலேயே அழுத்தினாள். மனைவி தையல்காரரின் விரல்களை நசுக்கினாள். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

முழங்காலுக்குள்ளிருந்து கடக் என்று ஒரு சத்தம் வந்தது. கால் மடங்கியது.

புருஷனும் பெண்டாட்டியும் அப்படியே விறைத்துப்போய் வாசல் பக்கம் பார்த்தார்கள்.

"இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல?" என்றாள் பயிற்சிப் பெண்.

"இல்லைங்க" என்றார் தையல்காரர்.

"எந்தச் சத்தமும் கேக்கலையே" என்றாள் மனைவி.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது வந்தாத்தான் உள்ள இறுகினது விட்டுதுன்னு அர்த்தம். கேக்கலைன்னா நான் இன்னொரு தடவை அழுத்திப் பாக்கணும்."

மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தாள். தையல்காரர் எழுந்து போய் வராந்தாவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து, அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "கேட்டுச்சு" என்றார்.